பிற விவரம்

மனித குலத்தின் துயரங்கள் அனைத்துக்கும் மூலகாரணம் நகல் எடுக்கும் பழக்கமே என்பதை உலகுக்கு முதன்முதலில் எடுத்துச் சொன்னது நகர நூலகங்களின் தரவுத்தள இயக்ககம்தான். இந்தப் பெருமைக்கு வேறு எந்த அலுவலகமும் இதுவரை உரிமை கோரவில்லை. இனியும் கோராது என்று நம்பலாம்.

இயக்ககம் நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் நான்காவது மாடியில் இருந்தது. மற்ற மூன்று மாடிகளில் என்ன இருந்தது என்பது இயக்ககத்துக்குத் தெரியாது. ஒரு தகவல் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும் என்பது கொள்கை. அந்தத் தகவல் கீழே இருந்தது.

கொள்கையைக் கொண்டுவந்தவர் இயக்குநர். மூன்று ஆண்டுகளுக்கு முன் இரண்டு நாள் பயிற்சி ஒன்றுக்குப் போனார். “வாசகரை ஓர் அட்டவணையில் எழுதுங்கள், புத்தகத்தை இன்னொன்றில் எழுதுங்கள், யார் எதை எடுத்தார் என்பதை எண்களை வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம், ஒரே விவரத்தை இரண்டு இடத்தில் எழுதாதீர்கள், இதுதான் தொடர்புசார் தரவுத்தளம்” என்று பயிற்சியாளர் சொன்னபோது இயக்குநரின் கண்கள் கலங்கியதாக, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் பெண் சொல்கிறாள். இரண்டாம் நாள் பயிற்சி காப்புப் பிரதிகளைப் பற்றியது. அதற்கு அவர் போகவில்லை. முதல் நாளே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

திரும்பி வந்ததும் நகல் இயந்திரத்தைப் பண்டக அறைக்குள் தள்ளி, கதவில் அரக்கு முத்திரை வைத்தார். அதற்கான ஆணை ஐந்து பிரிவுகளுக்கும் போனது. ஐந்தும் கையால் எழுதப்பட்டன.

அடுத்து ஸ்னாப்ஷாட்டுக்கு வந்தார். ஒரு தரவுத்தளம் ஒரு நொடியில் எப்படி இருந்ததோ அதை அப்படியே அசையாமல் பிடித்து வைப்பதற்கு ஸ்னாப்ஷாட் என்று பெயர். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதிலிருந்து புதிதாக ஒன்றை உருவாக்கி, அந்த நொடியில் இருந்ததையெல்லாம் திரும்பப் பெறலாம். உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள். இயக்குநர் இதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்.

“செத்தவங்களுக்கு ஃபோட்டோ மாட்டற வேலை,” என்றார் ஊழியர் கூட்டத்தில். “என்னைப் பாருங்க. வீட்ல ஒரு ஃபோட்டோ கிடையாது. சுவரெல்லாம் துடைச்ச மாதிரி இருக்கும். போனது போச்சு. திரும்பிப் பாக்கறவனுக்குக் கழுத்து வலிதான் மிச்சம்.”

எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டத்தைப் படமெடுத்து முப்பது பிரதிகள் போட்டு நூலகங்களுக்கு அனுப்பினார்கள்.

இந்த நேரத்தில்தான் இயக்ககம் புதிய தரவுத்தளம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. ஆபரேட்டரைத் தனியாக விட்டிருந்தால் பதினொரு நிமிட வேலை. இயக்ககம் பதினான்கு மாதம் எடுத்துக்கொண்டது. முதல் ஐந்து மாதம் பெயருக்குப் போயிற்று. பெயர் எழுத்தில் தொடங்க வேண்டும், கோட்டில் முடியக் கூடாது, அறுபத்து மூன்று எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்று இயந்திரம் சொன்னது. பெயர்க் குழு தேர்ந்தெடுத்த பெயரில் இயக்குநரின் பதவியும் பட்டங்களும் சேர்ந்து இருநூற்றுப் பதினொரு எழுத்து வந்தது. இயந்திரம் மறுத்தது. விளக்கம் கேட்டு இயந்திரத்துக்கு நோட்டீஸ் அனுப்பினார்கள். பதினைந்து நாளாகியும் பதில் வராததால் மௌனம் சம்மதமாகக் கொள்ளப்பட்டது. அப்போதும் அது மறுத்தது.

கடவுச்சொல்லுக்கு மூன்று மாதம். பழையதோ புதியதோ, இருபது எழுத்துக் கடவுச்சொல் ஒரே ஆளிடம் இருப்பது ஆபத்து என்று ஐந்து அதிகாரிகளுக்கு நான்கு நான்கு எழுத்தாகப் பங்கு பிரித்தார்கள். ஒருவர் தன் பங்கைத் தட்டும்போது மற்ற நால்வரும் ஆபரேட்டரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். எல்லாம் திறந்த பிறகு உள்ளே இருப்பதைப் பார்க்கும் உரிமை இயக்குநர் ஒருவருக்கே. அதுவரை மற்றவர்கள் சுவரிலேயே இருப்பார்கள். சுவரில் ஆள் உயரத்துக்கு வரிசையாக எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தது. மூன்றாம் அதிகாரிக்கு மூட்டுவலி. அவர் வராத நாளில் யாராலும் எதையும் திறக்க முடியாது.

மீதி ஆறு மாதம், எந்த விவரம் புதியதற்குப் போகலாம் என்ற விவாதத்தில் கழிந்தது. பழையதில் ‘பிற விவரம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. நூலகக் கவுண்டரில் இருப்பவர்கள் ஒரு வாசகரைப் பற்றி எதையாவது குறித்து வைத்துக்கொள்ள. இது எந்த அட்டவணையோடும் சேரவில்லை, எதனோடும் சேராதது தகவலே அல்ல என்று குழு முடிவு செய்தது. கட்டம் நீக்கப்பட்டது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பழைய தரவுத்தளத்தை மொத்தமாக அழித்துவிடுவதென்று நாள் குறித்தாயிற்று.

அதற்கு முந்தைய நாலாவது செவ்வாய்க்கிழமை லிஃப்ட் நின்றது.

லிஃப்ட்காரர் வந்தார். அந்தத் தெருவிலுள்ள ஏழு கட்டடங்களின் லிஃப்டுகளும் அவர் பொறுப்பு. ஐம்பது தாண்டியவர், ஒல்லி, நகக்கண்ணெல்லாம் கிரீஸ். கையைத் துடைத்தபடி நேராக ஆபரேட்டரின் மேசைக்கு வந்தார்.

“மேடம், லைப்ரரி கம்ப்யூட்டர் எல்லாம் இங்கதானே?”

“ஆமாண்ணே. லிஃப்ட் சரியாயிடுச்சா?”

“அதுக்கு ஒண்ணும் ஆகலை.” சட்டைப் பையிலிருந்து ஒரு ஃபியூஸை எடுத்து மேசையில் வைத்தார். “நான்தான் கழட்டினேன். பாஸ் இல்லாம மேல விடமாட்டேன்னு கீழ காவலாளி ஒத்தக் கால்ல நிக்கறார். லிஃப்ட் ரிப்பேர்னா பாஸ் வேணாமாம்.”

ஆபரேட்டர் சிரித்துவிட்டாள். பிறகு அவர் சொன்னதைக் கேட்டுச் சிரிப்பை நிறுத்தினாள்.

“ஏழாம் நம்பர் கிளையில பத்தொன்பது வருஷம் கவுண்டர்ல இருந்தாளே, அவ என் சம்சாரம். போய் நாலு மாசம் ஆச்சு.”

“ஐயோ, அக்காவா? ஃபோன்ல பேசியிருக்கேண்ணே. யாரு பேசினாலும் சாப்டியான்னுதான் முதல்ல கேப்பாங்க.”

“அவளேதான். என்னையும் மெம்பராக்கி வச்சிருந்தா. நான் ஒரு புத்தகம் தொட்டவன் இல்லை. எதுக்குடி எனக்கு கார்டுன்னு கேட்டா, ‘உங்களப் பத்தி ஒரு வரி எழுதணும், அதுக்கு ஒரு எடம் வேணாமா’ம்பா. என்ன எழுதினேன்னு கேட்டா சொல்லமாட்டா. ‘ரிட்டயர் ஆகற அன்னிக்குச் சொல்றேங்க, இப்பவே சொன்னா உங்களுக்குத் தலைக்கேறிடும்.’ ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருந்துச்சு.”

“கடைசியில நீங்க கேக்கலையாண்ணே?”

“அன்னிக்கு ஒரு லிஃப்ட்ல ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்க. மாசமா இருக்கற பொண்ணு ஒண்ணு, கூட அவங்கப்பா. வெளிய எடுத்து விட்டுட்டுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.” ஃபியூஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இருபது நிமிஷம் மேடம். இருபதே நிமிஷம்.”

ஆபரேட்டர் இழுப்பறையைத் திறந்து படிவம் பன்னிரண்டை எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது அவரைப் பார்க்கவில்லை. படிவத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: ‘தங்களுக்குத் தேவைப்படும் தகவலை முழுமையாகவும் பிழையின்றியும் கீழே எழுதவும்.’

அவர் இரண்டு தடவை படித்தார்.

“புரியலையே மேடம்.”

“தகவல் தெரிஞ்சவங்களுக்குத்தான் தகவல் குடுக்கணும்னு விதிண்ணே. தெரியாதவங்களுக்குக் குடுத்தா அது ரெண்டாவது எடத்துக்குப் போயிடுதாம். நீங்க எழுதறதும் உள்ள இருக்கறதும் பொருந்தினா சீல் வச்சுக் குடுப்பாங்க. மூணு தடவை எழுதலாம்.”

“தெரிஞ்சா நான் எதுக்கு இங்க வந்து நிக்கறேன்?”

“அந்தக் கேள்விக்கு வேற படிவம். பதிமூணு.”

லிஃப்ட்காரர் பன்னிரண்டையே வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு, கூச்சத்தோடு, ‘நல்ல மனிதர்’ என்று எழுதிக் கொடுத்தார். போய் ஃபியூஸை மாட்டினார். லிஃப்ட் ஓடியது.

அடுத்த செவ்வாய் லிஃப்ட் மறுபடி நின்றது. அவர் வந்தபோது பதில் தயாராக இருந்தது. ஐந்து அதிகாரிகளும் கூடி, பங்கைத் தட்டி, சுவரைப் பார்த்து நின்று, இயக்குநர் ஒப்பிட்டுப் பார்த்து இட்ட முத்திரை: பொருந்தவில்லை.

“அதானே,” என்றார் லிஃப்ட்காரர். “அவ அப்படியெல்லாம் சொல்ற ஆள் இல்லை.”

இரண்டாவது படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போனார். மறு செவ்வாய் அவர் கொண்டுவந்ததில் முன்பக்கம் நிரம்பி, பின்பக்கமும் பாதி நிரம்பியிருந்தது. குறட்டை விடுவார். காது மந்தம், ஆனால் வேண்டியது மட்டும் கேட்கும். ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவார். தொட்டதற்கெல்லாம் கோபம், பிறகு தானே வந்து வழிவார். கிரீஸ் கையோடு பால் பாத்திரத்தைத் தொடுவார்.

“ஒரு வரிதானேண்ணே எழுதினாங்க?” என்றாள் ஆபரேட்டர்.

“ஒரு வரிதான். ஆனா நாலாவது வரியிலேர்ந்து அவளே பக்கத்துல நின்னு திட்டற மாதிரி இருந்துச்சு. நிறுத்த மனசு வரலை.”

பொருந்தவில்லை. அதோடு, பின்பக்கம் எழுதியது விதிமீறல் என்பதால் அடுத்த செவ்வாய் நேரில் விளக்கமளிக்குமாறு குழு முன் அழைத்தார்கள். இதற்கிடையில், செவ்வாய்தோறும் லிஃப்ட் நிற்பது ஏன் என்று ஆராய ஒரு விசாரணைக் குழுவும் அமைந்திருந்தது. அதற்குத் தொழில்நுட்ப ஆலோசகராக லிஃப்ட்காரரையே நியமித்திருந்தார்கள். அதனால் அன்று அவர் ஃபியூஸைக் கழற்ற வேண்டியிருக்கவில்லை.

இயக்குநர் மேசையின் அந்தக் கோடியிலிருந்து கனிவோடு பேசினார்.

“உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா நிர்வாகம்னு ஒண்ணு இருக்கு. நீங்க லிஃப்ட்காரர், உங்க பாஷையிலயே சொல்றேன். லிஃப்ட் மேல போகும்போது கீழ் மாடியோட நகலை எடுத்துக்கிட்டா போகுது?”

“இல்ல சார்.”

“பாத்தீங்களா!”

“ஆனா கீழ் மாடி அங்கயேதான் சார் இருக்கும். யாரும் இடிக்க மாட்டாங்க.”

ஐந்து அதிகாரிகளும் இயக்குநரைப் பார்த்தார்கள். “பொருத்தமற்ற பதில்னு குறிச்சுக்கோங்க,” என்றார் அவர். “நான் உங்களுக்கு நல்லதுதான் சொல்றேன். ஒரு வரியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்கறது ஆம்பளைக்கு அழகா? உதறிட்டுப் போகணும். நான் உதறலையா? என்கிட்ட கேளுங்க, எப்படி உதறினேன்னு.”

யாரும் கேட்கவில்லை. கேட்கலாமா என்று விதியில் இல்லை.

மூன்றாவது படிவத்தை லிஃப்ட்காரர் அங்கேயே நின்று நிரப்பினார். இந்தத் தடவை யோசிக்கவில்லை. ஒரே சொல். ‘மன்னித்துவிட்டேன்.’

ஆபரேட்டர் அதை வாங்கிப் பார்த்தாள். “அண்ணே,” என்றாள் மெதுவாக, “அந்த வரியை அக்கா எப்பவோ எழுதினது. நீங்க லேட்டா போனது அதுக்கப்புறம்.”

“தெரியும்மா. இருந்தாலும் இதுதான் எனக்கு வேணும்.”

அழிப்புக்கு மூன்று நாள் இருந்தது. அதிகாரிகள் வரிசையில் வந்து தட்டினார்கள். ஆபரேட்டர் உட்பட ஆறு பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். இயக்குநர் திரைக்கு முன் உட்கார்ந்து ஏழாம் நம்பர் கிளையின் வாசகர் பட்டியலைத் திறந்தார். லிஃப்ட்காரரின் வரியைப் படித்தார். மூன்றாவது தடவையாக அதைப் படிக்கிறார். இத்தனை நாளும் அதற்குக் கீழே அவர் பார்வை போனதில்லை. அன்றைக்கு ஏனோ போயிற்று.

கீழே இருந்தது ஒரு குழந்தையின் அட்டை. ஒன்பது வயது. ஆறு வருடமாக ஒன்பது வயது. சனிக்கிழமை சனிக்கிழமை அந்த அட்டையில் ஒரு சிறுவர் புத்தகம் போயிருந்தது, மறு சனிக்கிழமை திரும்பியிருந்தது. பிற விவரம் என்ற கட்டத்தில் கவுண்டரில் இருந்த அந்த அம்மா எழுதியிருந்தாள்: ‘அப்பா வந்து எடுத்துப் போவார். குழந்தை இப்போது இல்லை. அட்டையை ரத்து செய்ய வேண்டாம். அவரிடம் எதுவும் கேட்க வேண்டாம்.’

அந்த அட்டையில் புத்தகம் எடுப்பது இயக்குநர்தான். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. ஒரே இடத்தில் மட்டும் இருந்த தகவல் அது.

சுவரைப் பார்த்து நின்றவர்கள் இரண்டு தடவை கால் மாற்றி நின்றார்கள். மூன்றாம் அதிகாரி மூட்டு வலிக்கிறதென்று முனகினார். பிறகு முத்திரை விழுந்தது. பொருந்தவில்லை. வழக்கத்தைவிட மெதுவாக விழுந்தது என்று ஆபரேட்டருக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை விழா. வாசலில் பேனர், மேசையில் பூங்கொத்து, புகைப்படக்காரர். தரவுத்தளத்தை அழிக்கும் பக்கத்தை ஆபரேட்டர் திறந்து வைத்தாள். அழிப்பதற்கு முன் இயந்திரம் ஒன்று கேட்கும்: ‘கடைசியாக ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்க வேண்டுமா?’ பக்கத்துக் கட்டத்தில் ஆமாம் என்று அதுவே டிக் போட்டு வைத்திருக்கும். அந்த டிக்கை இயக்குநர் தம் கையால் எடுப்பதுதான் விழா.

லிஃப்ட்காரர் கதவருகே நின்றிருந்தார். ஆலோசகர் என்பதால் அழைப்பு இருந்தது.

இயக்குநர் மவுஸின் மேல் கையை வைத்தார். வைத்தபடியே இருந்தார்.

ஆபரேட்டர் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். “சார், டிக் இருந்துட்டுப் போகட்டுமா? எடுத்துட்டா, மெஷின் தினமும் தானா எடுத்து வச்ச ஸ்னாப்ஷாட்டும் கூடவே போயிடும். அப்புறம் யாராலும் ஒண்ணும் பண்ண முடியாது. இருந்தா யாருக்கும் தெரியாது சார்.”

“சார், கொஞ்சம் இந்தப் பக்கம்,” என்றார் புகைப்படக்காரர். “லேசா சிரிங்க.”

ஐந்து அதிகாரிகள். இருபத்தாறு நூலகர்கள். பேனரில் அவருடைய பெயர், அவருடைய வாசகம். இயக்குநர் சிரித்தார். “ஒரு தகவல், ஒரே இடம்!” என்றார் உரக்க. டிக்கை எடுத்தார்.

இதைத் திரும்பப் பெற முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா என்று இயந்திரம் கேட்டது. ஒப்புக்கொண்டார். உறுதிசெய்ய ‘என்னை அழி’ என்று தட்டச்சு செய்யச் சொன்னது. இயந்திரங்கள் தங்களைப் பற்றித் தன்மையில் பேசுவது அந்த ஓர் இடத்தில் மட்டும்தான். எழுத்தெழுத்தாகத் தட்டினார். கைதட்டல் எழுந்தது.

“எத்தனை காப்பி சார் போடட்டும்?” என்று கேட்டார் புகைப்படக்காரர்.

கதவருகே லிஃப்ட்காரர் இல்லை.

நாலு மணிக்கு நூலகர்கள் கலைந்தார்கள். புதிய தரவுத்தளத்தில் ஒரே ஒரு கட்டம் நிரப்பப்படாமல் இருந்தது: ஸ்னாப்ஷாட்களை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும். ஆணைப்படி ஆபரேட்டர் அதில் சுழியம் போடப் போனாள். பின்னால் இயக்குநர் வந்து நிற்பது தெரிந்தது.

“அதிகபட்சம் எவ்வளவும்மா போடலாம்?”

“முப்பத்தஞ்சு நாள் சார்.”

“போடு.”

போட்டாள்.

“அதுக்கு மேல வைக்க முடியாதா?”

“தானா எடுக்கறது அவ்வளவுதான் சார். நாமளா ஒண்ணு எடுத்து வச்சா, நாமளா அழிக்கற வரைக்கும் இருக்கும்.”

“இன்னிக்குக் காலையில எடுத்திருந்தா?”

“எடுத்திருந்தா இருந்திருக்கும் சார்.”

அவர் ஒரு வெள்ளைத்தாள் கேட்டார். இரண்டு எடுத்துக்கொண்டார். அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்து எழுதினார். ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு வரிதான் இருக்கும், முக்கால் மணி நேரம் ஆயிற்று. இடையில் ஒரு தடவை நிமிர்ந்தார்.

“லிஃப்ட்காரரோட வரியில ‘போட வேண்டாம்’னு இருந்துச்சா, ‘போடக் கூடாது’ன்னு இருந்துச்சா?”

“நான் சுவரைத்தானே சார் பாத்துட்டு இருந்தேன்.”

“ஆமாம்,” என்றார் இயக்குநர். “ஆமாம்.” ஒரு சொல்லை அடித்தார். பிறகு அதையே மறுபடி எழுதினார்.

சரிபார்க்க ஒன்றும் இல்லை. இருபது எழுத்தும் இருந்தது, ஐந்து அதிகாரிகளும் இருந்தார்கள். திறந்து பார்க்கத்தான் எதுவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பண்டக அறைப் பக்கம் அரக்கு உடையும் சத்தம் கேட்டது. பிறகு, மூன்று வருடமாக அந்த மாடியில் யாரும் கேட்காத ஒரு முனகல். நகல் இயந்திரம் சூடாக நேரம் எடுத்துக்கொண்டது. ஆபரேட்டர் எழுந்து, யாரும் சொல்லாமலே, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

லிஃப்ட்காரர் கீழே போயிருக்கவில்லை. லிஃப்டுக்குள்ளேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். இயக்குநர் உள்ளே வந்ததும் எழுந்து பொத்தானை அமுக்கினார்.

“இனிமே செவ்வாய்க்கிழமை நிக்காது சார்,” என்றார். “விசாரணைக் குழுகிட்ட சொல்லிடுங்க.”

இயக்குநர் மடித்த தாள் ஒன்றை நீட்டினார். அது அவர் கையால் எழுதிய மூலம். சட்டைப் பையில் இன்னும் சில தாள்கள் மடித்து வைத்திருந்தது தெரிந்தது.

“சரிபார்க்கப்படாதது,” என்றார் லிஃப்டின் சுவரைப் பார்த்துக்கொண்டு. “ஒரு சொல் மாறியிருக்கலாம். அர்த்தம் மாறலை.”

லிஃப்ட்காரர் தாளை விளக்குக்கு நேரே பிடித்துப் படித்தார்.

‘இவர் புத்தகம் எடுக்க மாட்டார். என்னைக் கூட்டிப் போகத்தான் வருவார். தாமதமாகத்தான் வருவார், ஆனால் வந்துவிடுவார். அபராதம் போட வேண்டாம்.’

லிஃப்ட் கீழ்த்தளத்துக்கு வந்து நின்றது. கதவு திறந்தது, யாரும் இறங்காததால் மூடிக்கொண்டது, மறுபடி திறந்தது. லிஃப்ட்காரர் முகத்தை இரு கையாலும் மூடியிருந்தார். தாள் விரல்களுக்கு நடுவே சிக்கியிருந்தது. அதன் ஓர் ஓரத்தில் கிரீஸ் பட்டுவிட்டது. அதைப் பார்த்துப் பதறி, சட்டையில் துடைத்தார். அது இன்னும் பரவியது.

“பரவாயில்லை,” என்றார் இயக்குநர், இன்னமும் சுவரைப் பார்த்தபடி. தம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “அழுக்கானா, தொலைஞ்சா, மேல வாங்க. பாஸ் வேணாம். எங்கிட்ட இன்னொண்ணு இருக்கு.”